பதினைந்தாவது கட்டம்

"காயத்ரி டீச்சர் மெதுவா எந்திரிச்சாங்களா... எந்திரிச்சு நின்னு..." என்று கனகமணி சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வண்டி வழுக்கியது.

ஜூன் மாதத்து மழை. கேத்திக்கு முந்திய திருப்பம். லிங்கசாமி பிரேக்கை மிதித்தார். வண்டி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தன்பாட்டுக்குப் போய், சாலையோரத்து வர்க்கி பிஸ்கட் கடைக்கு ஒரு சாண் முன்னால் தானாக மனம் மாறி நின்றது. கடைக்காரர் கையில் எடுத்த வர்க்கிப் பொட்டலத்தோடு அசையாமல் நின்றார்.

கனகமணி இறங்கிக் குடையை விரித்தாள். நாலு டயரையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு கணவரின் தலையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க தலையில கூட நாலு முடி நிக்குதுங்க. இதுல ஒண்ணுமே இல்ல. டயர் மாத்தற வரைக்கும் நான் பஸ்லயே போய்க்கறனுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, அடுத்து வந்த குன்னூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். காயத்ரி டீச்சர் எழுந்து நின்றது நின்றபடி இருக்க, என்ன சொன்னார் என்று தெரியாமலே லிங்கசாமி ஆபீஸ் போய்ச் சேர்ந்தார்.

லிங்கசாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. குன்னூர்ப் பக்கம் பாதுகாப்புத் துறைக் கிடங்கு ஒன்றில், பொருள் வாங்கும் பிரிவில் வேலை. சொந்த ஊர் சூலூர். மலைக்கு வந்து இருபத்தாறு வருஷமாகியும் தன்னை யாரும் மலைக்காரராக மதிக்கவில்லை என்று ஒரு குறை அவருக்கு உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஆறு வருஷத்துக்கு முன் மசினகுடியில் ஒரு ரிசார்ட் முதலாளியிடம் அந்த பிக்கப்பை வாங்கினார். பின்னால் ஒரு டன் ஏற்றலாம். பக்கவாட்டில் புலி ஸ்டிக்கர், கூரையில் நாலு விளக்கு, ஆற்றில் இறங்கினால் இன்ஜின் மூச்சுவிட ஒரு குழாய். வாங்கிய அன்று கல்லட்டி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து, கூடலூர் போய் நடுவட்டம் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு ஊட்டிக்கு ஓட்டிவந்தார். அவர் கையில் அந்த வண்டி செய்த ஒரே சாகசம் அதுதான். அதற்குப் பிறகு காலையில் ஊட்டியிலிருந்து குன்னூர், மாலையில் குன்னூரிலிருந்து ஊட்டி. ஒரு டன் சுமக்கப் பிறந்த பின்பெட்டியில் இரண்டு சாப்பாட்டுப் பையும் இரண்டு குடையும் போய்வந்தன.

முன்சீட்டில் கனகமணி போய்வந்தாள். அவள் குன்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் இல்லை, நேரம் இல்லை. மகள் ஷண்முகப்ரியா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்தால் கனகமணிக்கு நோட்டுத் திருத்துகிற வேலை, அவருக்கு டிவி முன்னால் தூங்குகிற வேலை. பேச்சு என்பது அந்த வண்டிக்குள், அந்த முக்கால் மணி நேரம்தான். கனகமணி பேசுவாள், லிங்கசாமி 'ம்' போடுவார். யார் வீட்டு நிச்சயம் எதனால் நின்றது, எந்த டீச்சர் எந்த டீச்சரோடு பேசுவதில்லை, மகள் போனில் எதைச் சொல்லாமல் விட்டாள் என்பதெல்லாம் ஊட்டியில் தொடங்கி வெலிங்டனில் முடியும். உலகத்தைப் பற்றி லிங்கசாமிக்குத் தெரிந்த அத்தனையும் அந்த வழியாக வந்ததுதான். ஆனால் அது அவருக்கே தெரியாது.

அன்று மாலையே டயரை மாற்றியிருந்தால் இந்தக் கதைக்கு இடமே இல்லை. ஊட்டியில் ஏ.டி.சி. பக்கம் டயர் கடை வைத்திருக்கும் பெனிஸ், வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வண்டி எங்கெங்க ஓடுது சார்?"

"ஊட்டி டு குன்னூர்."

"அப்புறம்?"

லிங்கசாமி கொஞ்சம் யோசித்தார். "குன்னூர் டு ஊட்டி."

"அப்ப சாதா தார் ரோட்டு டயர் போதும் சார். மழையில நல்லாப் பிடிக்கும், சத்தமும் இருக்காது. எதிர்த்தாப்ல ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, மாட்டி வச்சுடறேன்."

லிங்கசாமி டீ மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஒரே கடையில் விசாரித்து, கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, அன்றைக்கே ஒரு பொருளை வாங்குவதா? இருபத்தாறு வருஷம் அந்தப் பிரிவில் உட்கார்ந்த மனுஷர் அவர். தேவை என்ன என்று எழுத வேண்டும். மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டும். குழு கூட வேண்டும். கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஆபீஸ் விதி. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் விஷயம். குக்கர் வாங்கியது அப்படித்தான். அது வந்து சேர்வதற்குள் பழைய குக்கரை இரண்டு தடவை பழுது பார்த்தாயிற்று. அவ்வளவு ஏன், பெண் பார்த்ததும் அப்படித்தான். இரண்டாவதாகப் பார்த்த கனகமணியை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்தும், மூன்று பார்க்க வேண்டுமே என்று திருப்பூரில் மூன்றாவதாக ஒரு பெண்ணையும் போய்ப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்துதான் சரி என்றார். இதைக் கல்யாணமான முதல் வாரத்தில் வெள்ளை மனதோடு கனகமணியிடமே சொன்னார். அவள் இன்னும் மறக்கவில்லை.

டயருக்கான குழு கிடங்கு கேண்டீனில் கூடியது. குழுவில் இரண்டு பேர். ஒருவர் ஆபீஸ் ஜீப் டிரைவர் சுடலைமணி, திருநெல்வேலிக்காரர். இன்னொருவர் இன்ஜினியர் தீபக். காட்டிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்த இளைஞர். சொந்தமாக வைத்திருப்பது ஸ்கூட்டி.

"நம்ம ஜீப்புக்கு முன்ன கட்டை வச்ச டயர் போட்டிருந்தோம்லா, மரத்து மேல ஏறுன்னு சொன்னாலும் ஏறும் பாத்துக்கிடுங்க" என்றார் சுடலைமணி.

"சார், டயர்ங்கறது இன்னைக்கு எங்க போறோம்கறதுக்கு இல்ல" என்றார் தீபக். "நாளைக்கு எங்க போக முடியும்கறதுக்கு. திடீர்னு மசினகுடி ஆத்துல இறங்க வேண்டி வந்தா?"

லிங்கசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. மசினகுடி ஆற்றில் எதற்காக இறங்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அது அந்த மேஜையில் யாருக்கும் தோன்றவில்லை. மண் சரிந்து ரோடு அடைபட்டால்? எஸ்டேட் பாதையில் யாராவது மாட்டிக்கொண்டு இவரைக் கூப்பிட்டால்? இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாததற்குக் காரணம் டயர்தானோ என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஒப்பீட்டுத் தாளில் பதினான்கு கட்டங்கள் போட்டார். சேறு, பாறை, ஆறு, முள், மணல், செங்குத்து ஏற்றம் என்று போனது வரிசை. ஊட்டியில் மணல் ஏது என்று யாரும் கேட்கவில்லை. உறைபனிக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று தீபக் ஒற்றைக் காலில் நின்றார்; கொடுத்தார்கள். தார் ரோடு என்று தனிக் கட்டம் கிடையாது. அது எல்லா டயரும் ஓடுகிற இடம்தானே, அதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

இப்படியே ஜூலை போனது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது கனகமணி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"என்னமோ பண்ணுங்க. ஆனா சத்தம் வராத டயராப் பாத்துப் போடுங்க."

"யோசனை சொல்றதுக்குக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சு போச்சு, கனகு" என்றார் லிங்கசாமி. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். விதி அப்படி இருந்தது.

கனகமணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த மாதங்களில் காலை நேரங்களை அவர் கழித்த விதத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குப் பாவமாக இருக்கிறது. மொட்டை டயரோடு வேகமாகப் போக முடியாது. அதனால் குன்னூர் பஸ்ஸின் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்துபோவார். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகக் கனகமணியின் கொண்டை தெரியும். பக்கத்தில் இன்னொரு தலை. அது பிரிஸில்லா டீச்சர், அதே பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர். கனகமணியின் கொண்டை ஆடும். அடுத்த நிமிஷம் பிரிஸில்லாவின் தலை பின்னால் சாயும், சிரிக்கிறார் என்று அர்த்தம். என்ன சொல்லியிருப்பாள்? கேத்தித் திருப்பத்தில் லிங்கசாமி தன்னையறியாமல் 'ம்' என்பார். காலி சீட்டைப் பார்ப்பார். தனக்கு வரவேண்டியதை வேறொருவர் தின்றுகொண்டிருக்கிறார் என்று வயிறு எரியும். காயத்ரி டீச்சர் எழுந்து நின்று என்னதான் சொன்னார் என்று வீட்டில் கேட்டுவிடலாம். ஆனால் அது வீட்டில் கேட்கிற பேச்சே இல்லை. டயர் வந்ததும் வண்டியில் உட்கார்ந்து அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. பதினான்கு கட்டங்களில் பதின்மூன்றில் ஜெயித்தது ஒரு சேற்று டயர். தரையைப் பிடிக்கிற கட்டைகள் ஒவ்வொன்றும் சோப்புக்கட்டி அளவு. பெனிஸ் மாட்டும்போதே தயங்கினார்.

"சார், இது காட்டுல ஓட்டறவங்க போடறது. நம்ம ரோட்டுல சத்தம் வரும்."

"அதுக்குக் கட்டம் போடலைங்க" என்றார் லிங்கசாமி.

பெனிஸ் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவர். வாயை மூடிக்கொண்டு நட்டை முடுக்கினார்.

திங்கட்கிழமை காலை கனகமணி வாசலுக்கு வந்து பார்த்தாள். வண்டி முன்பைவிட உயரமாக நின்றது. படியில் கால் எட்டவில்லை. லிங்கசாமி ஓடிப்போய் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவளை ஏற்றிவிட்டு, முக்காலியைப் பின்பெட்டியில் வைத்தார். ஆறு வருஷத்தில் அந்தப் பெட்டிக்குக் கிடைத்த மூன்றாவது வகைச் சரக்கு அது.

ஊருக்குள் இருக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. சேரிங்கிராஸ் தாண்டி வண்டி முப்பதைத் தொட்டதும் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நாற்பதில் கண்ணாடி அதிர்ந்தது.

லிங்கசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மழை பெய்தது, வண்டி இம்மி அளவும் வழுக்கவில்லை. எப்போது ஆரம்பிப்பாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். கனகமணியின் உதடுகள் அசைந்தன.

"என்ன?" என்றார்.

உதடுகள் மறுபடி அசைந்தன.

"என்ன கனகு? சத்தமாச் சொல்லு!"

கனகமணி நாள் முழுக்க அறுபது பெண்களுக்கு முன்னால் கத்துகிறவள். அங்கே கத்துவதற்குச் சம்பளம் உண்டு. புருஷனிடமும் கத்த அவளுக்குத் தெம்பு இல்லை, விருப்பமும் இல்லை. எல்லநள்ளி வருவதற்குள் வாயை மூடிக்கொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். சிவப்புப் பேனா வண்டியின் அதிர்வில் எல்லாக் கணக்கையும் தப்பென்று அடித்தது.

மறுநாள் காலை அவள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள்.

"ஏன் கனகு, டயர்தான் மாத்தியாச்சே?"

"டயர் நல்லாத்தானுங்க இருக்குது. பேசத்தான் முடியலீங்க."

லிங்கசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றே மறுபடி குழுவைக் கூட்டினார். டயரை மாற்றிவிடலாமா என்றால் அதற்கும் விதி தடுத்தது. தேயாத பொருளைக் கழித்துக்கட்ட முடியாது. அந்தக் கட்டைகள் தார் ரோட்டில் தேய்ந்து முடிய, ஊட்டிக்கும் குன்னூருக்கும் போய்வருகிற கணக்கில், குறைந்தது ஏழு வருஷம் ஆகும் என்று தீபக் போனில் தட்டிச் சொன்னார். அதற்குள் லிங்கசாமி ரிட்டயராகிவிடுவார்.

"மெதுவாப் போனா சத்தமே வராதுல்லா சார்" என்றார் சுடலைமணி. "இருவதுக்கு மேல மிதிக்காதீங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கனகமணியிடம் ஒரே ஒரு நாள் என்று கெஞ்சி, முக்காலி போட்டு ஏற்றினார். இருபதில் பிடித்தார். டயர் மூச்சுவிடவில்லை. கனகமணி ஆச்சரியத்தோடு அவர் பக்கம் திரும்பி, "அட, ஏனுங்க..." என்று ஆரம்பித்தாள். அப்போது பின்னாலிருந்து முதல் ஹாரன் வந்தது. பிறகு இரண்டாவது. இ-பாஸ் வாங்கி ஊர் பார்க்க வந்தவர்கள், காய்கறி லாரிகள், பள்ளி வேன்கள் என்று லவ்டேல் வருவதற்குள் ஒரு ஊர்வலம் சேர்ந்துவிட்டது. அத்தனை பேரும் ஹாரனிலிருந்து கையெடுக்காமல் அடித்தார்கள். ஒருவர் கண்ணாடியை இறக்கி, அந்தப் புலி ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். குன்னூர் பஸ்ஸும் வந்து தாண்டியது. ஜன்னலோரத்திலிருந்து பிரிஸில்லா டீச்சர் கையசைத்தார்.

"இப்படி ஓரமா நிறுத்துங்க" என்றாள் கனகமணி. இது மட்டும் தெளிவாகக் கேட்டது. முக்காலிக்குக் காத்திராமல் குதித்து இறங்கி, லவ்டேல் நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸில் ஓடி ஏறினாள்.

லிங்கசாமி அங்கேயே வண்டிக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பதினான்கு கட்டத்தையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். சேறு, பாறை, ஆறு. ஆறு வருஷத்தில் இந்த வண்டி சேற்றில் இறங்கவில்லை, பாறையில் ஏறவில்லை. ஆறு வருஷமும் இது சுமந்தது அவள் பேச்சைத்தான். பதினைந்தாவதாக ஒரு கட்டம் போட வேண்டியிருந்தது. அதைச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அவளே சொன்னாள், தேதி முடிந்துவிட்டது என்று இவர் சொன்னார். அவருக்கு அழுகை வந்தது. வண்டியில் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் அழுதார்.

மறுநாள் காலை வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, சாப்பாட்டுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். கனகமணி முன்னாலேயே போயிருந்தாள். குன்னூர் பஸ் வந்து திரும்பி நிற்பதற்குள் கூட்டம் முண்டியது. ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் குடையும் பறந்து சீட்டுகளில் விழுந்தன. லிங்கசாமி பஸ்ஸில் இடம் பிடித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. பஸ்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, இதில் கூட்டம் அதிகமோ, அடுத்ததில் காலியாக இருக்குமோ என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க! இதையும் மூணு பாத்துட்டுத்தான் ஏறுவீங்களா?"

லிங்கசாமி இடித்துப் பிடித்து ஏறினார். கனகமணியின் பக்கத்து சீட்டில் அவளுடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. பிரிஸில்லா டீச்சர் முன் சீட்டுக்கு மாறி, திரும்பிப் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். கனகமணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேர் சீட்டு என்று எழுதியிருந்தாலும் ஒன்றரைப் பேருக்குத்தான் இடம். தோளோடு தோள் ஒட்டியது.

பஸ்ஸும் ஒன்றும் சத்தமில்லாத வண்டி இல்லை. ஜன்னல் கடகடத்தது, கியர் முனகியது. ஆனால் வாய்க்கும் காதுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். எந்தச் சத்தத்துக்கும் நடுவில் புக வழியில்லை.

"வண்டி என்னாச்சுங்க?" என்றாள்.

"மூடி வச்சுட்டேன்" என்றார் லிங்கசாமி. பிறகு, மூன்று மாசமாக வைத்திருந்ததைக் கேட்டார். "காயத்ரி டீச்சர் மெதுவா எந்திரிச்சாங்க. எந்திரிச்சு நின்னு?"

கனகமணி அவரையே பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்த 'ம்' எல்லாம் வெறும் 'ம்' என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அதையா இவ்வளவு நாளா நெனச்சுட்டு இருந்தீங்க?"

"சொல்லு கனகு."

"அதுங்க... முப்பது வருஷமா ஒரு மீட்டிங்லயும் வாயத் தெறக்காதவங்க அவங்க. அவங்க ரிட்டயர்மெண்ட் பங்ஷன்ல எல்லாரும் ஒண்ணரை மணி நேரம் அவங்களப் பத்தியே பேசித் தள்ளறாங்க. குளிருன்னா குளிரு. கடைசியில அவங்க முறை வந்துது. எந்திரிச்சு நின்னாங்க. ஹாலே மூச்சு விடல. மைக்கப் பிடிச்சு ஒரே வார்த்தைங்க..."

"என்ன சொன்னாங்க?"

"'போண்டா ஆறிப்போச்சு'ன்னாங்க. சொல்லிட்டு உக்காந்துட்டாங்க."

லிங்கசாமி முதலில் 'ம்' என்றார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். முன்சீட்டில் பிரிஸில்லா டீச்சரும், ஏற்கெனவே கேட்ட கதைதான் என்றாலும், சேர்ந்து சிரித்தார். பஸ் லவ்டேலைத் தாண்டும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, மூன்று மாசத்தில் வேறு என்னவெல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்து, "அப்புறம்?" என்றார்.

கனகமணி சொல்ல ஆரம்பித்தாள்.